நிலுவையில் உள்ள பெயர்

குழந்தை பிறந்தால் அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. பிறந்த அறுபது நாளுக்குள் அந்தப் பெயரைப் பதிவு அலுவலகத்தில் பதிந்துவிட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவறினால் ஏன் தாமதம் என்று ஒரு விளக்கம், அதற்குச் சாட்சி, அப்புறம் இன்னொரு நாள் வா என்று அலைச்சல். என் தங்கை லோகேஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது இதெல்லாம் எங்களுக்கு ஒரு கவலையாகவே படவில்லை. அறுபது நாள் என்றால் இரண்டு மாதம். இரண்டு மாதத்தில் ஒரு பெயர் வைக்கத் தெரியாத முட்டாள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் மோகனராஜ். பினாங்கு ஜெலுத்தோங்கில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்று பேச எனக்கு வராது. கிறுக்குத்தனத்தைக் கண்டால் கிறுக்குத்தனம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். தங்கையும் நானும் ஒரே அடுக்குமாடியில் இருக்கிறோம். அவள் மூன்றாவது மாடி, நான் ஐந்தாவது. அப்போது என் மனைவி ஷர்மினிக்கும் எட்டு மாதம் ஆகியிருந்தது.

பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கை புருஷன் புவனேஸ்வரன் வார்டு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், பேரு ரெடி."

"என்ன பேரு மாப்ள?"

வாயால் சொல்லவில்லை. கைப்பேசியை நீட்டினார். அதில் 'ஜ்ஞ்ஹவிக்ஷா' என்று இருந்தது.

"இது என்ன, சேசிஸ் நம்பரா?"

"கூகள்ல தேடினேன் மச்சான். ஒரு ரிசல்ட் கூட வரல," என்றார். மற்ற அப்பன்கள் பிள்ளை மூன்றரைக் கிலோ என்று சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு வருமே, அது அப்படியே இவர் முகத்தில் இருந்தது.

மாப்பிள்ளைக்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. ஒன்றைப் போலவே இன்னொன்று இல்லாவிட்டால் தூக்கிக் கழித்துப் போடுவதற்குத்தான் அங்கே சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டில் நேர் எதிர். இன்னொன்றைப் போல் ஏதாவது இருந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

பெயரைச் சொல்லும் முறையையும் விளக்கினார். முதல் இரண்டு எழுத்துக்கும் மூச்சை அடக்க வேண்டுமாம். மூன்றாவதில் மெல்ல விட வேண்டுமாம். 'க்ஷா' வரும்போது நாக்கு மேலண்ணத்தில் தட்ட வேண்டும், ஆனால் தட்டியது வெளியே தெரியக்கூடாது. நான் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் ஓடிப்போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தங்கை கட்டிலில் படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். பேரு எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். எனக்குக் கூப்பிட வாய் வரணும்."

"பழகிடும்லா," என்றார் மாப்பிள்ளை.

அவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எங்கள் பிளாட்டில் இப்போது பிறக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு, பெயரைச் சொல்வதற்கு முன் பெற்றவர்களே ஒரு தடவை எச்சில் விழுங்கிக்கொள்கிறார்கள். அடுத்தவன் பிள்ளைக்கு இருக்கும் பெயர் தன் பிள்ளைக்கும் வந்துவிட்டால், ஒரே புடவையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் ஒரு கல்யாணத்துக்குப் போனதுபோல் மானம் போய்விடுகிறது. இந்த மானத்தைக் காப்பாற்றத்தான் 'பினாங்கு அரிய பெயர் பாதுகாப்பு மன்றம்' தோன்றியது. ஒரு பிள்ளைக்கு வைத்த அரிய பெயரை இன்னொரு பிள்ளைக்கு வைக்கவிடாமல் தடுப்பதே மன்றத்தின் உன்னத நோக்கம். அப்படித் தடுக்க அதற்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. அதனால்தான் அங்கே அவ்வளவு சாப், அவ்வளவு முத்திரை.

"மன்றத்தோட சான்றிதழ் இல்லாம பதிவு ஆப்பிஸ் பக்கமே போகமாட்டேன்," என்று மாப்பிள்ளை பிடிவாதம் பிடித்தார். "நாளைக்கு எவனாவது இந்தப் பேர வச்சுட்டா?"

"எவனாலயும் முடியாது மாப்ள. சொல்லவே முடியல, எங்கிட்டு வைக்கறது?"

கேட்கவில்லை. பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் நானும் அவரும் பாலம் தாண்டி செபராங் ஜெயாவுக்குப் போனோம்.

மன்றம் ஒரு திரைச்சீலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஒரே ஒரு அறை. அறைக்கு நடுவில் கண்ணாடி வைத்த கவுண்டர் ஒன்றைத் தனியாக நிறுத்தியிருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு யார் வேண்டுமானாலும் அந்தப் பக்கம் போகலாம், ஆனால் கண்ணாடியில் போட்ட ஓட்டை வழியாகத்தான் பேச வேண்டும். ஓட்டைக்கு அந்தப் பக்கம் தலைவர் நவமணி அம்மையார். ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு கோப்பு இல்லாமல் கை நடுங்கியிருக்கிறது, அதனால் ஓர் அலுவலகத்தையே உண்டாக்கிக்கொண்டார்.

வாசலில் நம்பர் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். நான்கு வந்தது. அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அம்மையார் மணியடித்து, "ஒன்று," என்றார். காத்திருந்தார். "இரண்டு," என்றார். மறுபடி காத்திருந்தார். மூன்றாம் எண்காரர் கழிவறைக்குப் போயிருக்கலாம் என்று அவருக்கு மட்டும் கூடுதலாக ஐந்து நிமிஷம் கொடுத்தார். பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்.

பாரத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் பேரு வேற யாருக்கும் இல்லைங்கறதுக்கு ஆதாரம்?"

"இல்லாததுக்கு எப்படிம்மா ஆதாரம் கொடுக்கறது?" என்றேன்.

"அதுக்குத்தான் தம்பி பொது அறிவிப்பு. பதினாலு நாள். வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் மைக்ல வாசிப்பாங்க. எல்லா வாட்சாப் குழுவுலயும் போடுவோம். இப்படி ஒரு பேரு இருக்கு, அரிய பேரு, யாரும் வைக்க வேண்டாம்னு ஊருக்கே தெரியப்படுத்துவோம்."

"ஊருக்கே தெரிஞ்சா அப்புறம் அது எப்படிம்மா அரிய பேரு?"

அம்மையார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, இது யாருக்கும் தெரியாத பேருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சாத்தானே எல்லாரும் ஒத்துக்குவாங்க?"

மாப்பிள்ளை தலையாட்டினார். எனக்குத் தலை சுற்றியது.

அறிவிப்புக்கு முன்னால் உச்சரிப்புத் தேர்வு ஒன்று உண்டு. இரண்டு சாட்சிகள் தனித்தனியாக நின்று அந்தப் பெயரை ஒரே மாதிரி சொல்ல வேண்டும். ஒரு சாட்சி அப்பா, இன்னொரு சாட்சி தாய்மாமன். இன்னொரு விதியும் இருந்தது. அம்மையார் அதை எழுந்து நின்று வாசித்தார். "நிலுவையில் உள்ள பெயரைச் சான்றிதழ் கிடைக்கும் முன் வாய்விட்டு அழைத்தல் முன்கூட்டிய பயன்பாடாகக் கருதப்பட்டு, விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும்."

விண்ணப்ப எண் நூற்றுப் பதினேழு என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். நகல் எடுக்கக் கீழே இறங்கினோம். நகலெடுக்கும் கடைக்காரர் சிக்கந்தர் பாய் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"அரிய பேரா?"

"ஆமா பாய்."

"நல்லதுலா. போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு, எட்டு வயசு. அது பொறந்தப்பப் போட்ட விண்ணப்பத்த அதுவே நகல் எடுத்துக்கிட்டுப் போவுது. நல்லா எழுதுது," என்றார்.

அடுத்த ஒன்பது நாள் நான் பட்ட பாட்டை என் பட்டறைக்கு வந்தவர்களிடம் கேட்டால் தெரியும். ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டே மூச்சை அடக்குவேன், விடுவேன். வண்டியை விட வந்தவர்கள் எனக்கு ஆஸ்துமா என்று நினைத்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் ஷர்மினிதான் எனக்கு வாத்தியார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "நாக்கத் தூக்குங்க, இன்னும் கொஞ்சம் தூக்குங்க," என்று காலையும் மாலையும் விரட்டுவாள். அவள் மூன்றாம் நாளே அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்குத்தான் எட்டாம் நாள் ஆனது. தேர்வில் நானும் மாப்பிள்ளையும் ஒரே மாதிரி சொன்னோம். அம்மையாருக்கே கண் கலங்கிவிட்டது.

தேறியாயிற்று, நாளைக்கே அறிவிப்பு வந்துவிடும் என்று நினைத்தேன். தேர்வு முடிவில் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். செயலாளரும் நவமணி அம்மையார்தான். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. தலைவர் செயலாளருக்குக் கோப்பு அனுப்பிவிட்டுப் பதிலுக்காக இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்தார். இடையில் ஒரு நினைவூட்டல் கடிதமும் போட்டிருக்கிறார்.

இதற்குள் முப்பதாம் நாள் வந்துவிட்டது. அன்றைக்குக் குழந்தையைத் தொட்டிலில் போட்டு, தாய்மாமன் அதன் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வது எங்கள் குடும்ப வழக்கம். பிளாட்டின் கீழே இருக்கும் மண்டபத்தில் நூற்றைம்பது பேர் கூடியிருந்தார்கள். பலூன் கட்டி, பூ வைத்து, பின்னால் பெரிய பேனர். பெயர் வர வேண்டிய இடத்தில் தங்கமுலாம் எழுத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று அடித்திருந்தார்கள்.

பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, "தாய்மாமன் பேரு சொல்லுங்க," என்றார்.

குனிந்தேன். மாப்பிள்ளை என் தோளைப் பிடித்து இழுத்தார். "மச்சான், வேணாம். நிலுவையில இருக்கு. தள்ளுபடி பண்ணிடுவாங்க."

"காதுலதானே சொல்லப் போறேன். யாருக்குக் கேக்கப் போவுது?"

"பிள்ளைக்குக் கேக்கும்ல."

பூசாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அங்கேயே நின்று மன்றத்துக்குப் போன் போட்டார். அம்மையார் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பெயரைச் சொல்லக் கூடாது, ஆனால் விண்ணப்ப எண் மன்றம் அதிகாரபூர்வமாக வழங்கியது என்பதால் அதைத் தாராளமாகச் சொல்லலாம் என்று தீர்ப்பு வழங்கினார்.

நான் குனிந்து, கூடப் பிறந்த தங்கச்சியின் முதல் பிள்ளை காதில், "விண்ணப்ப எண் நூத்திப் பதினேழு," என்று மூன்று தடவை சொன்னேன். அதுவரை அழுதுகொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என்னை முறைத்துப் பார்த்தது. வந்தவர்கள் எல்லாம் வரிசையாக வந்து, "நூத்திப் பதினேழு நல்லா இருக்கணும்," என்று வாழ்த்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள். யாருக்கும் இதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. பாயசம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்கள்.

எல்லோரும் போன பிறகு லோகேஸ்வரி தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "அண்ணே, ஒரு மாசமாச்சு. ராத்திரியும் பகலும் நான்தான் இதுகூடக் கெடக்கறேன். ஏய்னு கூப்பிடறேன், இந்தான்னு கூப்பிடறேன். கிளினிக்ல ஊசி போடற அட்டையில 'பேபி ஆஃப் லோகேஸ்வரி'ன்னு போட்டிருக்கான். என் பிள்ளைய நான் எப்பண்ணே பேரு சொல்லிக் கூப்பிடறது?"

எனக்கு மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் போய் நாலு வார்த்தை நறுக்கென்று சொன்னேன். "இன்னும் முப்பது நாள் இருக்குல்ல மச்சான்," என்றார்.

முப்பத்திரண்டாம் நாள் பொது அறிவிப்பு தொடங்கியது. கோயில் செயலாளர்களுக்கு அந்தப் பெயரை வாசிக்க வரவில்லை. ஒரு கோயிலில் செயலாளர் வாசித்தபோது மைக்தான் கூவுகிறது என்று கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. மைக் நன்றாகத்தான் இருந்தது. ஆகவே மன்றம் ஒரு குரல் பதிவு தயாரித்தது. நவமணி அம்மையாரே பேசினார். பின்னணியில் வீணை. "இது ஓர் அரிய பெயர். பினாங்கில் எந்தக் குழந்தைக்கும் இல்லை. தயவுசெய்து யாரும் வைக்க வேண்டாம்," என்று கெஞ்சிவிட்டு, சரியான உச்சரிப்பை மூன்று தடவை நிதானமாகச் சொல்லிக் காட்டினார்.

அந்தக் குரல் பதிவு ஜெலுத்தோங்கில் புறப்பட்டு தாசேக் கெலுகோர் வரைக்கும் போனது. யாரும் வைக்க வேண்டாம் என்று சொன்னதுதான் தாமதம். கர்ப்பமாக இருந்தவர்கள் எல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். ஏதோ பெரிய இடத்துப் பிள்ளையின் பெயராம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. இது பழைய மந்திரம், காலையில் பதினொரு தடவை சொன்னால் ரத்த அழுத்தம் குறையும் என்று இன்னொரு பேச்சு. எங்கள் பிளாட் லிஃப்டில் இரண்டு பெண்கள் மூச்சை அடக்கி நின்றதை நானே பார்த்தேன். கேட்டால் யோகா என்றார்கள்.

இதற்கிடையில் முப்பத்தாறாம் நாள் எனக்கும் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். ஷர்மினியும் பிள்ளையும் நலம். பெயரையும் இரண்டு நாளில் பதிந்தாயிற்று. அது வேறு விஷயம், அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை.

பதினான்கு நாள் முடிந்தது. ஆட்சேபணை எதுவும் வரவில்லை. மாப்பிள்ளை தினமும் தபால் பெட்டியைத் திறந்து திறந்து அதன் மூடியே கழன்றுவிட்டது. நாற்பத்தெட்டு, ஐம்பது, ஐம்பத்தைந்து என்று நாள் ஓடியது. தங்கை காலண்டரில் அறுபதாம் நாளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். ஐம்பத்தெட்டாம் நாள் கடிதம் வந்தது. நான்தான் பிரித்துக் கொடுத்தேன், லோகேஸ்வரி சத்தமாக வாசித்தாள்.

"தங்கள் விண்ணப்பத்தை மன்றம் ஆழ்ந்து பரிசீலித்தது. மேற்கண்ட பெயர் தற்சமயம் பதினோரு குழந்தைகளுக்குச் சூட்டப்பட்டுப் பொதுப் புழக்கத்தில் உள்ளதால், அரிய பெயர் எனும் தகுதியை இழந்துவிட்டது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் குழந்தைக்கு வேறு பெயரைத் தேர்ந்தெடுத்து மீண்டும் நம்பர் எடுக்கவும். இணைப்பு, பெயர் சூட்டப்பட்ட குழந்தைகளின் பட்டியல்."

பட்டியலையும் வாசித்தாள். ஒன்றாவது பிறை ஊரில் ஒருத்தர், இரண்டாவது பட்டர்வொர்த்தில் ஒருத்தர், மூன்றாவது எங்கள் பிளாட்டிலேயே லிஃப்டில் யோகா செய்த பெண். நான்காவதில் நிறுத்தினாள். திரும்ப ஒரு தடவை மனதுக்குள் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தகப்பன் பெயர் மோகனராஜ். தாயார் ஷர்மினி. ஐந்தாவது மாடி."

சம்பந்தம் இல்லை என்று முன்பு சொன்னேன். கொஞ்சம் சம்பந்தம் இருக்கிறது. ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஒன்பது நாள் காலையும் மாலையும் எங்கள் வீட்டில் அந்தப் பெயரைத் தவிர வேறு சத்தம் இல்லை. பிள்ளை வயிற்றுக்குள்ளிருந்தே அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தது. பிரசவ வலியில் ஷர்மினி கத்தியதே அந்தப் பெயரைத்தான், ஒரு எழுத்துப் பிசகவில்லை. அதோடு, அவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்ததை அடுத்தவன் பிள்ளைக்காக வீணாக்குவதா? பதிவு அலுவலகத்தில் ஏழே நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார்கள். நான் என்ன செய்ய முடியும்?

இதையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். மாப்பிள்ளை நான் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கைப்பேசியைப் பார்த்து அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "மச்சான், கூகள்ல ரிசல்ட் வருது. முதல் பக்கம் பூரா இதான்."

லோகேஸ்வரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உன் பிள்ளைக்காவது பேருன்னு ஒண்ணு இருக்கேண்ணே," என்றாள். சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐந்தாவது மாடிக்குப் படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மாப்பிள்ளை மேல்முறையீடு செய்யலாம் என்றார். அதற்கு இருபத்தொரு நாள். ஐம்பத்தொன்பதாம் நாள் பூராவும் உட்கார்ந்து கைப்பேசியில் புதுப் பெயராகத் தேடினார். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ரிசல்ட் வந்து தொலைத்தது. தனக்குத் தெரிந்த எழுத்துகளையெல்லாம் குலுக்கிப் போட்டுப் பார்த்தார். எல்லா எழுத்துக்கும் தலையில் புள்ளி வைத்து ஒரு பெயர் செய்தார். அது எஸ்தோனியாவில் ஒரு பிள்ளைக்கு இருந்ததாம்.

அறுபதாம் நாள் காலையில் லோகேஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் கதவைத் தட்டினாள். "அண்ணே, காடிய எடு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் காரை எடுத்தேன். மாப்பிள்ளையும் ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டார். வழி நெடுகத் தேடிக்கொண்டே வந்தார்.

பதிவு அலுவலகத்தில் நம்பர் எடுத்து உட்கார்ந்து நான் பட்டறைக்கு ஒரு போன் பேசி முடிப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். அரசாங்க அலுவலகத்தைத் திட்டுவதற்கென்று வழக்கமாகத் தயார் செய்துகொண்டு போகும் வசனங்கள் எல்லாம் வீணாகப் போயின. கவுண்டரில் ரோஹானா என்று ஒரு பெண், தமிழ் முஸ்லிம்.

"பிள்ளை பேரு?"

"ஒரு நிமிஷம்க்கா, லைன் ஸ்லோவா இருக்கு," என்றார் மாப்பிள்ளை.

"ராணி," என்றாள் லோகேஸ்வரி.

"ராணி, அப்புறம்?"

"ராணிதான்."

"முன்னாடி பின்னாடி ஏதாவது வருமா? ஸ்ரீ, ஷினி, க்ஷி?"

"ஒண்ணும் வராதுக்கா."

மாப்பிள்ளை கைப்பேசியைக் கீழே இறக்கினார். "லோகா, கோடிக்கணக்கா ரிசல்ட் வரும்," என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "ராணி," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். பிள்ளை வாயைக் கோணலாக வைத்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு வயிற்றுக் காற்றால் வந்ததாகவும் இருக்கலாம், நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும். ஆனால் என் தங்கை அழுதுவிட்டாள்.

ரோஹானா தட்டச்சு செய்துகொண்டே, "இந்தக் கவுண்டர்ல நாலு வருஷமா இருக்கேன். இந்தப் பேர இன்னிக்குத்தான் முதல் தடவையா அடிக்கறேன்," என்றார்.

மாப்பிள்ளையின் தலை நிமிர்ந்தது. "முதல் தடவையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்கக்கா. நாலு வருஷத்துல ஒண்ணு கூடவா இல்ல?"

வீட்டுக்கு வரும்போது அவர் நெஞ்சு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. இரண்டு வாரத்தில் மன்றத்திலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. ராணி எனும் பெயர் சமகாலப் பினாங்கில் வேறெந்தக் குழந்தைக்கும் இல்லாத அரிதினும் அரிய பெயர் என்றும், மன்றம் யாரும் கேட்காமலேயே தானாக முன்வந்து சான்றிதழ் வழங்குகிறது என்றும் எழுதி, மூன்று சாப் அடித்திருந்தார்கள். மாப்பிள்ளை அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். வருபவர்களிடம் எல்லாம் அந்தப் பெயரைச் சொல்லும் முறையை விளக்கத் தொடங்கினார். 'ரா'வை இழுக்க வேண்டுமாம்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷமாகிவிட்டது. பதினொரு பிள்ளைகளில் ஏழு எங்கள் பிளாட்டில்தான் இருக்கின்றன. ராணியோடு சேர்த்து எட்டும் கீழ்த்தளத்தில் இருக்கும் பாலர் பள்ளிக்குத்தான் போகின்றன. முதல் நாள் வருகைப் பதிவு எடுக்க சுஹானா டீச்சருக்கு ஒரு மணி நேரம் ஆனது. பெற்றோர் ஏழு பேரும் ஆளுக்கொரு உச்சரிப்பு கொடுத்தோம். என்னுடையதுதான் மன்றத்தில் தேறியது என்று நான் சொன்னேன், யோகா செய்த பெண் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் டீச்சர் எங்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளைகளிடமே கேட்டார்.

"உன் பேரு என்னம்மா?"

"ராணி," என்றது ராணி.

அடுத்தது என் பிள்ளை. "ராணி," என்றது. அதற்கு அடுத்ததும் ராணி என்றது. ஏழும் அப்படியே சொல்லிவிட்டன. வேறு எதுவும் அவற்றின் வாயில் வரவில்லை. டீச்சர் பெரிய மனபாரம் இறங்கியவராக எட்டு ராணி என்று எழுதிக்கொண்டார்.

போன வாரம் மன்றத்திலிருந்து லோகேஸ்வரிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரே கட்டடத்தில் எட்டுக் குழந்தைகள் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதாக நம்பகமான தகவல் கிடைத்திருப்பதால், சான்றிதழை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று பதினான்கு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு நம்பர் எடுக்கப் போயிருக்கிறார். லோகேஸ்வரி அந்தக் கடிதத்தின் மேல் கருவாடு காய வைத்திருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் கீழே விளையாடிக்கொண்டிருந்தன. நாங்கள் ஏழு அப்பன்மாரும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தோம். வானம் இருட்டிக்கொண்டு வந்து சடசடவென்று மழை பிடித்தது. மூன்றாவது மாடியிலிருந்து லோகேஸ்வரி எட்டிப் பார்த்து, "ராணி, மேல வா," என்று ஒரு குரல் கொடுத்தாள். எட்டுப் பிள்ளைகளும் குடுகுடுவென்று படியேறி அவள் வீட்டுக்குள் போய்விட்டன. என் பிள்ளைதான் முதலில் ஓடியது.

கொஞ்ச நேரம் பொறுத்தோம். எதுவும் இறங்கி வருவதாகத் தெரியவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் கீழே நின்றபடியே, "லோகா, என் பிள்ளைய அனுப்பு," என்று கத்தினேன்.

அவள் வெளியே வந்து கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுண்ணே."

வீட்டில் நாலு வருஷமாகப் பாப்பா என்றே கூப்பிட்டுப் பழகியதில் எனக்குப் பயிற்சி விட்டுப்போயிருந்தது. முதல் இரண்டு எழுத்துக்கு மூச்சை அடக்கினேன். மூன்றாவதற்கு எப்போது விடுவது என்று மறந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆறு பேரையும் பார்த்தேன். அவர்களும் கன்னத்தை உப்பிக்கொண்டு, மேலே பார்த்தபடி மழையில் நின்றுகொண்டிருந்தார்கள்.